குட்டையர் கட்சிக்கு ஒரு திறந்த மடல்

நம் ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டத்தில் ஐந்தடி நாலு அங்குலத்துக்குக் கீழே இருக்கும் அன்பர்களுக்கு,

குழுப் படம் எடுக்கும்போது யாரும் சொல்லாமலே முன்வரிசைக்கு வந்துவிடுகிற நம்மை மற்றவர்கள் 'குட்டையர் கட்சி' என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். கட்சி என்று இருந்தால் ஒரு கோரிக்கையாவது வேண்டும் இல்லையா? என் கோரிக்கை இதுதான்: உங்கள் பைக்கின் விண்ட்ஷீல்டு புருவத்துக்கு நேரே நிற்கிறது என்றால் அதை வெட்டுங்கள். வீட்டிலேயே, உங்கள் கையாலேயே.

"காசு குடுத்து வாங்குனதப் போயி யாராச்சும் அறுப்பாகளா?" என்று போன மாதம் டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டார். அதே அண்ணன் ரெடிமேட் பேண்ட் வாங்கினால் பையைப் பிரிக்காமலே தையல் கடைக்குப் போய் மூன்று அங்குலம் மடித்துத் தைக்கக் கொடுக்கிறவர். துணி உடம்புக்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பிளாஸ்டிக் என்றதும் மட்டும் அது எப்படி வந்ததோ அப்படியே கிடக்க வேண்டும் என்கிறார்.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மெக்கானிக் அண்ணன்கள் விண்ட்ஷீல்டை 'வைசர்' என்பார்கள். ஹெல்மெட்டில் இருப்பதும் வைசர்தான். 'கண்ணாடி' என்றாலோ பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற கண்ணாடி. அதனால் இந்த மடல் முழுக்க ஷீல்டு என்றே எழுதுகிறேன்.

போன ஆடியில் கன்னியாகுமரி போனோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். மதுரையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் உங்களோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தேன். கயத்தாறில் காற்றாலைகள் கண்ணில் பட ஆரம்பித்ததும் பின்தங்கினேன். பணகுடி தாண்டிக் காவல்கிணறு நெருங்கும்போது என் வேகம் ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. ஏதோ வண்டிக் கோளாறு என்று நினைத்து நீங்கள் எல்லாரும் புளியமரத்தடியில் காத்திருந்தீர்கள். வண்டியில் ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பிதுங்கிக்கொண்டு வருகிற தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. அதைப் பிடிக்கத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். அந்தக் காற்றில் நானும் ஒரு சின்னக் காற்றாலையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனேன். ஹேண்டில்பாரோடு பிணைத்த ஷீல்டு பாய்மரம் மாதிரி வேலை செய்யும். ஒவ்வொரு வீச்சுக்கும் அது வண்டியைத் தள்ளுவதோடு நில்லாமல் ஹேண்டிலையும் திருப்பப் பார்க்கும். உயரமான ஷீல்டு என்றால் காற்றுக்குப் பிடிமானமும் அதிகம்.

அது பக்கக் காற்று. நேர்க் காற்றின் தொல்லை வேறு. எண்பதைத் தாண்டினால் யாரோ பின்னாலிருந்து ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குகிற மாதிரி தலை ஆடும். சாலை இரண்டிரண்டாகத் தெரியும். இறங்கினால் கழுத்து வலி. இத்தனைக்கும் ஷீல்டு வாங்கியதே காற்று படாமல் இருக்கத்தான்!

நடப்பது இதுதான். ஷீல்டில் மோதிய காற்று வழுக்கி, தலைக்கு மேலே அமைதியாகப் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். மேல்விளிம்பைத் தாண்டியதும் அது சுழல் சுழலாகப் பிய்ந்துவிடுகிறது. ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைவு. அந்தப் பள்ளத்தை நிரப்ப மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் முதுகுப் பக்கமிருந்தும்கூடக் காற்று உள்ளே பாயும். ஓடுகிற காற்றுக்கும் தேங்கிய காற்றுக்கும் நடுவே ஒரு கலங்கல் அடுக்கு உண்டாகி, பின்னால் வர வரத் தடிக்கும். விளிம்பு புருவத்துக்கு நேரே இருந்தால் ஹெல்மெட்டின் மேல்பாதி அந்தக் கலங்கலிலும் கீழ்ப்பாதி தேக்கத்திலும் மாட்டிக்கொள்ளும். தலை ஆடாமல் என்ன செய்யும்? காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதால், அறுபதில் தாங்கக்கூடிய உலுக்கல் தொண்ணூறில் இரண்டேகால் மடங்காகும்.

நம் கட்சிக்காரர்களுக்கு மட்டும் இது ஏன் என்றால், நாம் வண்டி தேர்ந்தெடுத்த விதத்திலேயே பதில் இருக்கிறது. கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று தாழ்ந்த சீட் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குகிறோம். என்னுடையது மீட்டியார் 350. சீட் உயரம் 765 மில்லிமீட்டர். வாங்கியபோது ஆனந்தமாக இருந்தது. அப்புறம் வெளியே ஒரு கடையில், நெடும்பயணத்துக்கு ஏற்றது என்று சொல்லி விற்ற உயர ஷீல்டை வாங்கி மாட்டினேன். தாழ்ந்த சீட்டில் குட்டை உடம்பு, முன்னால் நெட்டைப் பிளாஸ்டிக். தியேட்டரில் ஆறடிக்காரர் பின்னால் சீட் கிடைத்த கதைதான்.

பெரிய கம்பெனிகள் இதற்கெல்லாம் காற்றுச் சுரங்கம் வைத்துப் பார்த்தவர்கள். 1976இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஆர்.எஸ். பைக்கின் முன்மறைப்பை இத்தாலியில் பினின்ஃபரினாவின் சுரங்கத்தில் வைத்துத்தான் செதுக்கினார்கள். அங்கே எந்த உயரத்து ஆளை உட்கார வைத்திருந்தாலும் அது என் உயரமாக இருந்திருக்காது. நமக்குச் சுரங்கம் நான்குவழிச் சாலைதான். சோதனை எலி நாமேதான்.

காற்றைவிட எனக்குப் பெரிய பயம் பார்வை பற்றியது. ஷீல்டு என்பது வழியாகப் பார்க்கிற பொருள் இல்லை, மேலாகப் பார்க்கிற பொருள். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. காருக்கு வைப்பர் உண்டு, இதற்கு இல்லை. மழைத்துளி நின்றால் நின்றதுதான். கன்னியாகுமரியிலிருந்து திரும்பும் இரவில் எதிரே வந்த லாரிகளின் வெளிச்சம், ஷீல்டில் இருந்த நுண்கீறல்களில் பட்டுப் பூவாணம் மாதிரி விரிந்தது. விருதுநகருக்கு முன்னால் மழை பெய்து ஓய்ந்த ஓர் இடத்தில் ஈசல் கூட்டம். இரண்டே நிமிடத்தில் ஷீல்டு முழுக்கச் சிறகும் பசையும். ஹெல்மெட் வைசர் அழுக்கானால் தூக்கிவிட்டுப் பார்க்கலாம். ஷீல்டை எங்கே தூக்குவது? கழுத்தை நீட்டி, விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நாற்பதில் வந்து சேர்ந்தேன். வளைவான பிளாஸ்டிக் காட்சியைக் கொஞ்சம் இடம்மாற்றியும் காட்டும். வெள்ளைக்கோடு போடாத நம் ஊர் வேகத்தடைகளுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

சரி, எவ்வளவு வெட்டுவது?

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு காரியம். பிராக்கெட்டில் நீளத் துளை இருந்தால் ஷீல்டை இருப்பதிலேயே கீழ்நிலைக்கு இறக்கிப் பாருங்கள். சிலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். முடியவில்லையென்றால் ஷீல்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நெஞ்சில் காற்று அறையும், ஆனால் தலை ஆடாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். தலை அமைதியாக இருந்தால் குட்டை ஷீல்டு உங்களுக்குக் கைகொடுக்கும். ஷீல்டே இல்லாதபோதும் உலுக்குகிறது என்றால் கோளாறு ஹெல்மெட்டிலோ வேறெங்கோ, வெட்டிப் பயனில்லை.

அளவு எடுக்க ஓர் ஆள் துணை வேண்டும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, எப்போதும் எப்படிக் கூன் போட்டு உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள். அளவு எடுக்கிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்காருவது மனித சுபாவம். அதில் இரண்டு சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். கண்ணிலிருந்து பதினைந்து மீட்டர் முன்னால் தரையில் ஒரு புள்ளிக்கு நூல் பிடிக்கச் சொல்லுங்கள். ஷீல்டு இருக்கும் இடத்தில் அந்த நூல் எந்த உயரத்தில் போகிறதோ, மேல்விளிம்பு அதற்கு மேல் இருக்கக் கூடாது. கணக்குப் போட்டால் கண்மட்டத்துக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே, ஏறக்குறைய மூக்கு நுனிக்கு நேரே வரும். பழைய ஓட்டிகள் 'மூக்குக்கு நேரே' என்று சொல்வதும் இதைத்தான். ஷீல்டு சாய்ந்து நிற்பதால், பரப்பில் பத்து சென்டிமீட்டர் வெட்டினால் உயரத்தில் பத்து குறையாது என்பதையும் மனதில் வையுங்கள். வரப்போகும் விளிம்புக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேலே பார்த்தபடி ஒரு வாரம் ஓட்டுங்கள். கோடு கண்ணை உறுத்தினால் இன்னும் இறக்க வேண்டும்.

எனக்கு வந்த கணக்கு ஒன்பதரை சென்டிமீட்டர். ஒரே மூச்சில் வெட்டவில்லை. முதலில் ஐந்து, பிறகு மூன்று, கடைசியில் ஒன்றரை. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் ஐந்து வெட்டியதும் நிலைமை மோசமானது. சத்தமும் உலுக்கலும் முன்னைவிட அதிகம். தலை முழுவதும் கலங்கல் அடுக்குக்குள் போய்விட்டது போல. அன்று ராத்திரி வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஒட்ட முடியுமா என்றுகூட யோசித்தேன். அடுத்த மூன்று வெட்டியதும் தலை தெளிவான காற்றுக்கு வந்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்த தடதடப்பு ஒரே சீரான இரைச்சலாக மாறியது. இரைச்சல் போய்விடாது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது தொண்ணூறு டெசிபலைத் தாண்டும். காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலை ஆடுவது நின்றது.

வெட்டும் கதைக்கு வருகிறேன். என் ஷீல்டில் கை வைக்கும் முன், மெக்கானிக் கடை மூலையில் கிடந்த ஒரு பழைய ஷீல்டை வாங்கி வந்து பழகினேன். நல்லவேளை. முதலில் ஆங்கிள் கிரைண்டர். வட்டு சுற்றியதும் பிளாஸ்டிக் அறுபடவில்லை, உருகியது. வட்டு தாண்டிப் போன பின்னாலேயே உருகியது மறுபடி ஒட்டிக்கொண்டது. விளிம்பெல்லாம் கருப்பட்டிப் பாகு மாதிரி ஆனது. வீடு முழுக்க நாற்றம், அம்மாவிடம் திட்டு. அடுத்து ஆக்ஸா பிளேடு. ஒரு கையால் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்தேன். பாதி தூரத்தில் அது நடுங்கி, 'டப்' என்று ஒரு விரிசல் குறுக்கே ஓடி அடுத்த விளிம்பு வரைக்கும் போய்விட்டது.

உடைந்த துண்டை எங்கள் தெருவில் கடைப் பெயர்ப்பலகை செய்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். நாள் முழுக்க அக்ரிலிக் எழுத்து வெட்டுகிறவர். துண்டைச் சுண்டிப் பார்த்தார், ஓரத்தைக் கொஞ்சம் கொளுத்திப் பார்த்தார். புகையில்லாமல் எரிந்தது, பழம் மாதிரி இனிப்பு வாடை. "இது அக்ரிலிக்கும்மா. நடுங்குனா கீறல் விட்டுரும்" என்றார். பாலிகார்பனேட்டாக இருந்தால் கரும்புகை கக்கும். நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். ஷீல்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். பாலிகார்பனேட் சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். அதனால் நல்லவற்றில் மேலே கெட்டியான பூச்சு இருக்கும். அக்ரிலிக் கீறலைக் கொஞ்சம் தாங்கும், தேய்த்துப் பளபளப்பாக்கலாம், ஆனால் நொறுங்கும். வெட்டுவதற்கு முன் உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் அக்ரிலிக் என்றே நினைத்து மெதுவாகக் கையாளுங்கள். லேசரில் வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்: அக்ரிலிக்குக்கு லேசர் அருமையாக இருக்கும், பாலிகார்பனேட் கருகி மஞ்சளாகிவிடும்.

என் உண்மையான ஷீல்டை இப்படி வெட்டினேன். சார்ட் பேப்பரை நடுவில் மடித்து, பழைய மேல்விளிம்பின் வளைவில் பாதியை மட்டும் வரைந்து, மடிப்போடு கத்தரித்துப் பிரித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துவிடும். ஷீல்டில் நடுக்கோடு போட்டு அதை ஒட்டினேன். மூலைகளை உருட்ட ஊறுகாய் டப்பா மூடி. கூர்மையான மூலையை விடாதீர்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். கோட்டின் இரண்டு பக்கமும், முன்னாலும் பின்னாலும், மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. வளைந்த பொருளைத் தட்டையான மேசையில் வைத்தால் நடுவில் ஆடும். அதனால் கோணிப்பையில் பாதி மணல் நிரப்பி, மேலே பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதில் ஷீல்டை அமுக்கி வைத்தேன். மணல் அதன் வடிவத்துக்கே இறங்கிக் கொடுத்து நடுக்கத்தை விழுங்கிவிட்டது. இந்த ஏற்பாட்டில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தற்பெருமை உண்டு.

தச்சரிடம் ஜிக்சா இரவல் வாங்கினேன். உலோகம் அறுக்கிற பொடிப்பல் பிளேடு, நடுத்தர வேகம், பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் விசை அணைத்து. அடித்தட்டுக்கும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே கீறும். கோட்டிலேயே அறுக்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் கொண்டு வர வேண்டும். தள்ளாதீர்கள், பிளேடு தானாகப் போகும் வேகத்துக்கு விடுங்கள். சூடாகி ஒட்ட ஆரம்பித்தால் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் கட்டாயம்; அந்தத் தூள் கண்ணில் பட்டால் சும்மா விடாது.

அறுப்பது அரைமணி நேரம், விளிம்பு தேய்ப்பது இரண்டு மணி நேரம். அரம், பிறகு 120, 220, 400, 600 என்று உப்புத்தாள், கடைசி இரண்டும் தண்ணீர் தொட்டு. இது அழகுக்காக இல்லை. ரம்பப்பல் விட்ட சின்ன வெட்டுத்தடம் ஒவ்வொன்றும் நாளைய விரிசலின் வாசல். இரண்டாவது, வண்டி விழுந்தால் உங்கள் தொண்டைக்கு நேரே வருவது இந்த விளிம்புதான். விரலை அழுத்தி ஓட்டினால் வழவழவென்று, உருண்டையாக இருக்க வேண்டும். தேய்ப்பது விளிம்பை மட்டும். பரப்பில் உப்புத்தாள் பட்டால் மேல்பூச்சு போய்விடும். நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்குகிற வித்தையைப் பெயர்ப்பலகை அண்ணன் எழுத்துகளுக்குச் செய்வார். என் ஷீல்டுக்கு வேண்டாம் என்று அவரே தடுத்தார். சூட்டில் உள்ளே இறுக்கம் சேர்ந்து, பின்னால் ஏதாவது ரசாயனம் பட்டால் மயிர்க்கீறல் விடுமாம்.

ரசாயனம் என்றதும் சொல்ல வேண்டியது பெட்ரோல். நம் ஊர் மெக்கானிக் கடைகளில் எதைத் துடைத்தாலும் பெட்ரோல் துணிதான். பாலிகார்பனேட்டுக்கு அது விஷம். துடைத்த அன்று பளிச்சென்று இருக்கும்; சில நாளில் போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும். தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான், போல்ட் கழலாமல் இருக்கத் தடவுகிற நீலப் பசை எல்லாமே இதே வேலையைச் செய்யும். பசைக்குப் பதிலாக நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள். சர்வீசுக்கு விடும்போது ஷீல்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு தடவை. ஈசல் பசையை எடுக்க ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் போதும், சோப்புத் தண்ணீரில் கழன்று வரும்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் போட்டு, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. வெயிலில் பிளாஸ்டிக் விரியும். நாற்பது சென்டிமீட்டர் ஷீல்டு முப்பது டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் நீளும். துளையில் அதற்கு இடம் இல்லையென்றால் துளையே வெடிக்கும்.

வெட்டியதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைத்துளி இப்போது நேரே ஹெல்மெட்டில் அடிக்கிறது. கொடைக்கானல் ஏற்றத்தில் அதிகாலைக் குளிர் தோளில் தெரிகிறது. பின்சீட்டில் வரும் என் தங்கை, "நீ சுகமா வர, எனக்குத்தாண்டி எல்லாக் காத்தும்" என்று ஊர் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் என்னைவிட நாலு அங்குலம் உயரம், நம் கட்சியில் சேர முடியாதவள். விற்ற கடையிலும் இனி மாற்றித் தர மாட்டார்கள். வீட்டில் உயரமான கணவரோ அண்ணனோ அதே வண்டியை ஓட்டுவார் என்றால் வெட்டுவதற்கு முன் அவரையும் உட்கார வைத்து அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டியைவிட வீட்டில்தான் காற்று பலமாக அடிக்கும்.

ஜிக்சாவைத் தச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கேட்டால் மறுபடி தருவார். பொடிப்பல் பிளேடு இரண்டு மிச்சம் இருக்கிறது. மணல்கோணி மொட்டைமாடி ஏறும் படிக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. வரும் ஞாயிறு பயணம் முடிந்து மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் டேப் ஒட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். போர்வை மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும், எங்கள் அம்மா இனித் தர மாட்டாராம்.

அன்புடன்,
முன்வரிசையிலிருந்து ஒருத்தி